பணம் வைக்காத வங்கி

வங்கி என்றதும் பணமும் வட்டியும் நம் நினைவுக்கு வரும். பணத்துக்கு இடமில்லாத வங்கியொன்றும் உலகில் உண்டு. அங்கே வைக்கப்படுவது மனித இரத்தம். அது தோன்றிய வரலாற்றை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

ஒருவரின் இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றும் முயற்சி மிகப் பழையது. சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1901ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர், மனித இரத்தம் பல வகைப்படும் என்றும், பொருந்தாத வகைகள் கலந்தால் செவ்வணுக்கள் ஒட்டித் திரளும் என்றும் வெளியிட்டார். 1914இல் பெல்ஜிய வைத்தியர் அல்பேர்ட் ஹஸ்டின், சோடியம் சித்திரேற்று என்னும் உப்பைச் சேர்த்து, உறையாத இரத்தத்தை நோயாளிக்கு ஏற்றிக் காட்டினார்.

வழி பிறந்தது, ஆனால், நள்ளிரவில் அழைத்தால் இரத்தம் தர வருபவர் யார்?

1921 ஒக்டோபரில் இலண்டன் கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலை, கம்பர்வெல் செஞ்சிலுவைச் சங்கப் பிரிவின் உதவியை நாடியது. அதன் கௌரவ செயலாளர் பேர்சி லேன் ஒலிவர், நகரசபை ஊழியர். அவர் சிலரை அழைத்துக்கொண்டு விரைந்தார். அவர்களுள் தாதி ஒருவரின் இரத்தம் பொருந்தியது. அன்றே ஒலிவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. இரத்தம் தர இசைந்தோரின் பெயர், முகவரி, இரத்த வகை முதலியவற்றைப் பதிந்து, தம் வீட்டையே அலுவலகமாக்கினார். அக்காலத்தில் நாளத்தைக் கத்தியாற் கீறி இரத்தம் எடுப்பதும் உண்டு. அப்படியிருந்தும், முன்பின் அறியாதவருக்காக மக்கள் ஊதியமின்றி வந்தனர்.

1937இல் சிகாகோ நகரின் குக் கவுண்டி வைத்தியசாலையில் பேர்னாட் பாண்டஸ் என்னும் வைத்தியர், இரத்தத்தைக் குளிர்ப்பெட்டியிற் சில நாட்கள் சேமிக்கும் முறையை அமைத்தார். 'இரத்தப் பாதுகாப்பு ஆய்வுகூடம்' என்று முதலில் எண்ணிய பெயரை விடுத்து, 'இரத்த வங்கி' என்றே பெயரிட்டார். எடுத்ததற்கு ஈடு வைக்கவேண்டும் என்பது அதன் கருத்து. 1941இல் சான் பிரான்சிஸ்கோ வைத்தியர் சங்கம் தொடங்கிய இர்வின் நினைவு இரத்த வங்கியோ, ஒரு வைத்தியசாலைக்கென்றில்லாமல் ஊருக்கே பொதுவாயிற்று.

ஈடு கேட்பது கணக்குக்குச் சரி. ஆனால், உற்றார் உறவினர் இல்லாத ஏழைக்கு ஈடு வைப்பவர் யார்? இவ்வினாவுக்கு ஒலிவரின் முறையே விடை தருகின்றது. வங்கிக்குப் பெயர் தந்தவர் பாண்டஸ். உயிர் தந்தவர் ஒலிவர் எனலாம். கைம்மாறு கருதாத கொடையாளரிடமிருந்தே தேவையான இரத்தம் முழுவதையும் பெறும் நிலையை 2014இல் நம் இலங்கையும் எய்தியது பெருமைக்குரியது.

ஆயினும் இவ்வங்கியை ஒருமுறை நிரப்பிவிட்டுக் கதவடைக்க முடியாது. செவ்வணுக்களை ஏறத்தாழ ஆறு வாரங்களும், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுக்களைச் சுமார் ஐந்து நாட்களுமே காக்கலாம். ஆய்வுகூடம் வகை பார்க்கும், பொருத்தம் பார்க்கும், நோய்க்கிருமி உண்டா எனச் சோதிக்கும். இரத்தத்தை ஆக்க மட்டும் அதனால் இயலாது.

18 வயது நிறைந்த சுகதேகிகளே, இவ்வங்கிக்கு வேண்டிய செல்வம் உங்களிடமே உண்டு.