தாவல்களை ஒழுங்கு செய்யும் உரிமை

இணைய உலாவியின் துணையின்றிக் கல்வி பயிலும் மாணவர் இந்நாளில் அரியர். கட்டுரையொன்று வரையப் புகுவோர் இருபது முப்பது பக்கங்களை ஒருங்கே திறந்து வைப்பர். அவை உலாவியின் மேற்புறத்தே தாவல்களாய் நிரைநிற்கும். புதிய தாவல் எவ்விடத்தே தோன்றல் வேண்டும், தோன்றியவுடன் நாம் அதற்கு மாறுதல் வேண்டுமா, உலாவியை மீண்டும் திறக்குங்கால் முன்னைய தாவல்கள் வருதல் வேண்டுமா என்பன அற்பக் காரியங்களாய்த் தோன்றலாம். ஆயினும் நாடோறும் பன்முறை நிகழும் அற்பக் காரியமே பழக்கமாய் முடிகின்றது. ஆதலின் அவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் பயன்படுத்துவோர்க்கே உரியதென்பது நமது துணிபு.

இவ்வதிகாரம் எளிதிற் குறைந்துபோம் என்பதற்கு ஃபயர்பாக்ஸ் உலாவியின் வரலாறு சான்றாகும். 'டேப் மிக்ஸ் பிளஸ்' போன்ற நீட்சிகளால் அதன் தாவல்களைப் பல வரிசையாய் அடுக்கவும், விரும்பியவிடத்தே திறக்கவும் ஒருகாலத்து இயன்றது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் வெளிவந்த 57-ஆம் பதிப்போ பழைய முறை நீட்சிகளை அறவே விலக்கிற்று. அவை உலாவியின் உள்ளுறுப்புக்களிற் புகுந்து மாற்றம் செய்தமையால் வேகமும் பாதுகாப்பும் குன்றின என்பது உண்மையே. அதனை நாம் மறுக்கிலோம். எனினும் இழந்ததற்கு ஈடு உடனே கிட்டிற்றிலது. புதுமுறை நீட்சிகள் தாவற் பட்டியலைப் பக்கத்தே காட்ட வல்லனவாயினும் மேலுள்ள வரிசையை நீக்க வல்லனவல்ல. தாவல்களை மேலிருந்து கீழாய் அடுக்கும் வசதி உலாவியிலேயே அமைய 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வரை காத்திருக்க நேர்ந்தது.

விருப்பங்கள் பலவாயின் குழப்பமே மிகும் என்பாருமுளர். விருப்பத்தை உள்ளே ஒதுக்கி வைத்தல் வேறு, இல்லாதொழித்தல் வேறு. தாவல் வரிசையை மேலும் கீழும் இடமும் வலமும் அமைக்க விடும் விவால்டி உலாவி 2016 முதல் வழங்கி வருகின்றதன்றோ? மேலும், ஒரே ஏற்பாடு எல்லார்க்கும் பொருந்துவதன்று. முன்னைய தாவல்கள் மீண்டு வருதல் சொந்தக் கணிப்பொறியிற் பேருதவி. நூலகத்துப் பொதுப் பொறியிலோ, ஒருவர் படித்ததைப் பிறர்க்குக் காட்டிக்கொடுக்கும் பெருந்தீங்கு.

ஆகவே, மாணவ நண்பர்காள், உங்கள் உலாவியின் அமைப்புகள் பக்கத்தை ஒருமுறையேனும் திறந்து நோக்குமின். உங்கள் வேலைக்கு எது தகுமென ஆய்ந்து தெளிமின். பயன்படுத்துவோர் கையாளாத உரிமையை நிறுவனத்தார் தேவையற்றதென நீக்கிவிடுதல் மிக எளிது.