சோற்றோடு சேர்ந்த ஹாம்பர்க்

கொத்துக்கறியைப் பிசைந்து, நீள்வட்டமாகத் தட்டி, வாணலியில் சிவக்க வைத்து, சாஸ் ஊற்றிச் சோற்றோடு சாப்பிடும் ஜப்பானிய வீட்டுப் பதார்த்தத்துக்கு ஹம்பாகு என்று பெயர். பெயரின் மூலம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொடுத்தால் அதற்கு ஹம்பாகா என்று வேறு பெயர். ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்றாலும் ஜப்பானில் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

கி.பி. 675இல் ஜப்பானின் தென்மு பேரரசர் மாடு, குதிரை உள்ளிட்ட சில விலங்குகளைத் தின்னத் தடை போட்டார். இறைச்சி மீதான தயக்கம் அதன் பிறகும் பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டது ஊரறிந்த செய்தியானதும் காற்று திசை மாறியது. அந்தக் காலத்தில் மேற்கிலிருந்து வந்து, ஜப்பானிய நாக்குக்கு ஏற்ப மாறிய உணவு வகைக்கு 'யோஷொகு' என்று பெயர். கட்லெட், ஆம்லெட் சோறு, குரோக்கே எல்லாம் இதில் அடங்கும். ஹம்பாகுவும் இந்தக் குடும்பம்தான். யோஷொகு உணவகங்களில் ஒரு வேடிக்கை உண்டு: கிண்ணத்தில் வந்தால் 'கொஹான்' எனப்படும் சோறு, தட்டில் பரப்பி வைத்தால் 'ரைஸ்' ஆகிவிடும்.

சாப்ஸ்டிக்கால் அழுத்தினால் விண்டு வர வேண்டும், விண்ட இடத்தில் சாறு ஊற வேண்டும். வீட்டு ஹம்பாகுவின் செய்முறை முழுக்க இந்த இரண்டுக்காகவே அமைந்தது. அமெரிக்க பர்கரில் இறைச்சியும் உப்பும் மிளகும் போதும் என்பார்கள். இங்கே அப்படியில்லை.

நான்கு பேருக்கு 400 கிராம் கொத்துக்கறி வேண்டும். மாடும் பன்றியும் கலந்த இந்தக் கறியை ஜப்பானியக் கடைகளில் 'ஐபிகி' என்று கேட்டு வாங்குவார்கள். ஏழு பங்கு மாடு, மூன்று பங்கு பன்றி என்பது பரவலான கணக்கு. மாட்டிறைச்சி மணம் தரும், பன்றிக் கொழுப்பு மென்மை தரும். மாட்டிறைச்சி மட்டும் போட்டால் ருசி தூக்கலாக இருக்கும், ஆனால் ஆறியதும் இறுகிவிடும். பெரிய வெங்காயம் ஒன்றைப் பொடியாக நறுக்கி, கண்ணாடி போல ஆகும்வரை வதக்கி, முழுக்க ஆறவிட வேண்டும். பாங்கோ எனப்படும் ரொட்டித்தூள் 40 கிராமை 60 மில்லி பாலில் ஊற வைக்க வேண்டும். கறியின் அளவைக் கூட்டிக் காட்டுவதற்காக ரொட்டித்தூள் சேர்ப்பதாக நினைப்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். கறி வேகும்போது கசியும் சாற்றைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதே தூள்தான். அதைக் குறைத்தால் சாறு வாணலியோடு போய்விடும்.

பிசைவதில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலில் கறியில் உப்பு மட்டும், சுமார் 4 கிராம், சேர்த்துப் பிசைய வேண்டும். உப்பு இறைச்சியிலுள்ள மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. அதுவே பசையாகிக் கறியைப் பிணைக்கிறது. தனித்தனி மணியாகக் கிடந்த கறி, கொஞ்ச நேரத்தில் வெளிறி, பாத்திரத்தின் ஓரத்தில் இழைபோல ஒட்டிக்கொண்டு வரும். பதம் அதுதான். அதன் பிறகே வெங்காயம், ரொட்டித்தூள், ஒரு முட்டை, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள் எல்லாம் சேர வேண்டும். இவ்வளவுக்கும் கறி சில்லென்று இருப்பது முக்கியம். உள்ளங்கைச் சூட்டிலேயே கொழுப்பு உருகத் தொடங்கும். உருகினால் பிணைப்பு போய்விடும். அதனால்தான் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துப் பிசைகிறார்கள். சூடான வெங்காயத்தை அவசரத்தில் கொட்டுபவர், தட்டில் உதிரியைத்தான் பரிமாற வேண்டியிருக்கும்.

நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பட்பட்டென்று தட்டிப் போட வேண்டும். உள்ளே காற்று தங்கினால் சூட்டில் விரிந்து கறி வெடிக்கும், வெடித்த வழியே சாறு ஓடிவிடும். பிறகு வழவழப்பாக உருட்டித் தட்டி, நடுவில் விரலால் லேசாகக் குழிக்க வேண்டும். வேகும்போது ஓரம் சுருங்கி நடு உப்பும் என்பதால் இந்தக் குழி.

நடுத்தரத் தீயில் இரண்டு மூன்று நிமிடம், அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பிவிட்டு, மூன்று மேசைக்கரண்டி தண்ணீரோ, சாக்கே எனும் அரிசி மதுவோ ஊற்றி மூடி, சிறு தீயில் ஏழெட்டு நிமிடம். ஸ்டேக் போல உள்ளே சிவப்பாக விடக் கூடாது. கொத்தும்போது மேற்பரப்பில் இருந்த கிருமிகள் உள்ளே கலந்துவிடுகின்றன, பன்றியும் சேர்ந்திருக்கிறது. நடுப்பகுதி 75 டிகிரி சூட்டில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் மூங்கில் குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். வரும் சாறு தெளிவாக இருந்தால் வெந்தது. சிவந்திருந்தால் மறுபடி மூடி.

வாணலியைக் கழுவிவிடக் கூடாது. மிதமிஞ்சிய எண்ணெயை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, தக்காளி கெட்சப், உஸ்டர் சாஸ், சிவப்பு ஒயின் மூன்றையும் சம அளவு ஊற்றி, ஒட்டிக்கிடக்கும் முறுகலைச் சுரண்டிக் கொதிக்கவிட்டால் சாஸ் தயார். இது கனமாகத் தோன்றினால் துருவிய முள்ளங்கியை லேசாகப் பிழிந்து மேலே குவித்து, பொன்சு எனும் புளிப்பான சோயா சாஸைத் தெளிக்கலாம். வெயில் காலத்துக்கு இதுவே மேல். சரியாக வெந்ததா என்று பயப்படுபவர்கள், இருபுறமும் சிவந்ததுமே சாஸில் போட்டுக் கொதிக்கவிடும் 'நிகோமி' முறைக்குப் போவது நல்லது.

வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு வேகவைத்த கேரட், புரோக்கோலி, உருளைக்கிழங்கு ஆகியவை வழக்கமான பக்கத் துணை. சிலர் மேலே ஒரு ஆஃப்பாயிலும் போடுவார்கள். செய்வதே செய்கிறோம் என்று இரண்டு மடங்காகப் பிசைந்து, பாதியை எலுமிச்சை அளவில் உருட்டித் தட்டி வேகவைத்து ஃபிரீசரில் வைப்பது ஜப்பானிய வீட்டு வழக்கம். பிள்ளைகளின் 'பென்தோ' எனும் சாப்பாட்டு டப்பாவுக்கு அது போகும். காலையில் நன்றாகச் சூடாக்கி, ஆறிய பிறகே மூடி போடுவார்கள்.