விரட்ட வேண்டாம், நம்பரை எழுதுங்கள்!

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசி ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக மெயின் அருவிக்குப் போகிறவர்கள், ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு திரும்புகிறவர்கள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆட்டோ தேடும் பெண்கள் என்று எல்லோரும் ரோட்டில்தான் நடப்பார்கள். வேறு எங்கே நடப்பது?

இந்தக் கூட்டத்தில் ஹெல்மெட் போடாத ஒரு வாலிபன் போலீசைக் கண்டதும் வண்டியைத் திருப்பி முறுக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். போலீசாரும் பின்னாலேயே விரட்டுகிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரே வினாடியில் 16 மீட்டருக்கு மேல் பாய்ந்துவிடுவான். அது ஒரு பஸ்சின் நீளத்தைவிட அதிகம். குறுக்கே ஒரு குழந்தை வந்தால், பிரேக்கில் கால் வைப்பதற்குள் கதை முடிந்துவிடும். ரோடும் ஈரம்.

சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2018 மார்ச் 7-ந்தேதி இரவு திருச்சியை அடுத்த துவாக்குடியில் ஹெல்மெட் சோதனை நடந்தது. கணவன்-மனைவி வந்த மோட்டார் சைக்கிள் நிற்காமல் போய்விட்டது. போக்குவரத்து இன்ஸ்பெக்டர் துரத்திப்போய் வண்டியை எட்டி உதைத்தார் என்பது புகார். கீழே விழுந்த மனைவி பரிதாபமாக இறந்தார். ஆயிரக்கணக்கானோர் தஞ்சாவூர் ரோட்டில் மறியலில் குதித்தார்கள். இன்ஸ்பெக்டர் கைதானார். அப்போது ஹெல்மெட் போடாததற்கு அபராதம் வெறும் 100 ரூபாய்!

மலைக்கு அந்தப்பக்கமும் இதே கதைதான். 'ஹெல்மெட் போடாதவர்களை விரட்டிப் பிடிக்கக் கூடாது, கேமராவைப் பயன்படுத்துங்கள்' என்று 2019 நவம்பரில் கேரள ஐகோர்ட்டு சொன்னது. அதே மாதக் கடைசியில் கொல்லம் மாவட்டம் கடக்கலில், நிற்காமல் போன வாலிபர் மீது போலீஸ்காரர் லத்தியை வீசினார். நிலை தடுமாறிய வாலிபர், எதிரே சபரிமலை பக்தர்கள் வந்த காரில் மோதிப் படுகாயம் அடைந்தார். போலீஸ்காரர் சஸ்பெண்டு ஆனார்.

"ஓடுறவன விட்டுடச் சொல்றீங்களா?" என்று போலீசார் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செயினை அறுத்துக்கொண்டு ஓடுகிறவனையும், அரிவாளோடு ஓடுகிறவனையும் விட முடியாது. அவனைக்கூட கூட்டத்துக்குள் துரத்துவதைவிட, வயர்லெசில் தகவல் சொல்லி புளியரை சோதனைச்சாவடியில் மடக்குவது சுலபம். வயர்லெசைவிட வேகமாக எந்த பைக்கும் போகாது. அமெரிக்காவிலேயே பல ஊர்களில், கொடிய குற்றவாளியாக இருந்தால் மட்டும்தான் போலீசார் காரில் விரட்டலாம் என்று விதி இருக்கிறது.

ஹெல்மெட் போடாதவன் கொலைகாரன் இல்லை. நம்பரைக் குறித்துக்கொண்டால் ஆர்.டி.ஓ. பதிவில் முகவரி கிடைத்துவிடும். 2022-ல் அபராதம் 1000 ரூபாய் ஆகிவிட்டது. அது வீடு தேடிப் போகட்டும்.

நம்பர் பிளேட்டையே மடக்கி வைத்திருக்கிறானே, என்ன செய்வது என்கிறார்களா? குற்றாலத்துக்கு வந்தவன் வண்டியை நிறுத்திவிட்டுத்தானே குளிக்கப் போக வேண்டும்? வண்டிகள் நிற்கும் இடத்தில் இரண்டு போலீசாரை நிறுத்தி வைத்தால் போதும். தலை துவட்டிக்கொண்டு வரும்போது சாவகாசமாகப் பிடித்துக்கொள்ளலாம்.