இல்லத்திற்கு இனியவை: கண்ணாடித் தொட்டியில் பாசி

கண்ணாடித் தொட்டியில் மீன்களோடு நீர்ச் செடிகளும் வளர்த்து மகிழும் இல்லங்கள் நம் அன்பர்களிடையே பல உள்ளன. ஊரில் குளமும் கிணறும் கண்டு வளர்ந்த நமக்கு, இந்நகரின் மாடிக் குடியிருப்பில் சிறிது நீரும் பசுமையும் கண்ணெதிரே இருப்பது ஓர் ஆறுதலே. ஆனால் இரண்டு மூன்று திங்களுக்குள் கண்ணாடி மங்கி, இலைகளின்மேல் நூல் நூலாகப் பாசி படர்ந்து, வீட்டார் சலிப்புற்று, முடிவில் தொட்டி பரணுக்குப் போய்விடுகிறது. இதனினும் கொடியதொன்று உண்டு. சினம் மேலிட்டுப் பாசிக்கொல்லி மருந்தை அளவின்றிக் கொட்டிவிட, மறுநாட் காலையில் செத்து மிதக்கும் மீன்களைக் குழந்தைகள் காண நேர்வதே அது. ஆகவே இத்திங்கள் இப்பொருளைச் சிறிது ஆராய்வோம்.

பாசிக்கு வேண்டியவை நீர், ஒளி, உரம் ஆகிய மூன்றே. செடிகளுக்கு வேண்டியவையும் அவையே. செடிகள் செழித்து உரத்தை உண்டுவிட்டால் பாசி மெலியும். செடிகள் நலிந்தால் எஞ்சிய உரம் முழுதும் பாசிக்கே போகும். மீன் உண்ணாமல் விட்ட தீனியும், மீனின் கழிவும், அழுகிய இலைகளுமே அவ்வுரம்.

இவ்வுண்மையை முதலில் தெளிவாகக் கண்டவர்களுள் ஒருவர் லண்டன் நகரத்து இரசாயன அறிஞர் ராபர்ட் வாரிங்டன். 1849-ஆம் ஆண்டில் அவர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் வளர்த்தார். சில நாளில் பழுத்த இலைகள் அழுகி, நீர் கலங்கிப் பாசி படர்ந்தது. அவர் மருந்து எதனையும் நாடவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்று தீர்க்க, நீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. நம் முன்னோர் கிணற்றில் கெண்டை விட்டுக் கொசுப் புழுவை ஒழித்ததும் இம்முறையைச் சார்ந்ததே.

இனி, பாசியின் வகையறிந்து நடத்தல் வேண்டும். புதுத் தொட்டியில் முதற் சில வாரங்களில் படியும் பழுப்பு நிறப் படிவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. துடைத்து வந்தால் தானே மறையும். கண்ணாடியில் படியும் பச்சைப் படலமும், இலைகளில் தொங்கும் பச்சை நூலும் ஒளி மிகுதியின் விளைவுகள். வழுவழுப்பான ஆடைபோல் மண்ணை மூடி, துர்நாற்றம் வீசும் நீலப்பச்சைப் படிவு உண்மையில் பாசியன்று. அது பாக்டீரியா இனம். இலை விளிம்பில் கரிய தூரிகை மயிர்போல் ஒட்டி, எளிதில் பிடுங்க வாராத கரும்பாசியே யாவற்றினும் பிடிவாதமானது. கருமையாகத் தோன்றினும் அது செம்பாசிக் குலத்தைச் சேர்ந்ததாகும்.

எவ்வகையாயினும் முதற் பரிகாரம் ஒளியைக் குறைத்தலே. தொட்டி, சன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் இருத்தலாகாது. விளக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம் எரிந்தால் போதும். நாம் பணிக்குச் சென்று திரும்பும் நேரம் ஒழுங்காயிராதாகையால், டைமர் ஒன்றை மாட்டிவிடுதல் நலம். இரண்டாவது, தீனி. இரண்டு நிமிடத்தில் மீன்கள் உண்டு தீர்க்கும் அளவே இடுக. குழந்தைகள் அன்பினால் ஆளுக்கொரு பிடி இடுவதைத் தடுத்தல் அவசியம். மூன்றாவது, வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுக. நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் கலந்திருக்குமாதலால், அதனை நீக்கும் மருந்தைச் சேர்த்த பின்னரே ஊற்றுதல் வேண்டும். நான்காவது, பாசி மிகுந்த இலைகளைக் கத்தரித்து எறிந்து, நூற்பாசியைப் பழைய பல் தூரிகையில் சுற்றி இழுத்து, விரைந்து வளரும் செடிகளைக் கூடுதலாக நடுக.

நீர் முழுதும் பச்சையாகிவிட்டாலோ, நீலப்பச்சைப் படிவு பரவினாலோ, இயன்றவரை அதை வாரி எடுத்துவிட்டு, மூன்று நாள் தொட்டியைக் கனத்த துணியால் மூடி இருளில் வைக்கலாம். அந்நாட்களில் தீனி வேண்டா. காற்றுக் குழாய் மட்டும் நிற்கலாகாது. மூடியை நீக்கியதும் பாதி நீரை மாற்றுதல் வேண்டும்.

கரும்பாசிக்கு ஹைடிரஜன் பெராக்சைடு உதவும். மருந்துக் கடைகளில் பெரும்பாலும் 6 சதவீத வலிமையுள்ளதே கிடைக்கும்; அதில் சம அளவு நீர் கலந்தால் 3 சதவீதமாகும். வடிகட்டியை நிறுத்திவிட்டு, ஊசியற்ற சிரிஞ்சினால் பாசியின்மேல் மெல்லப் பாய்ச்சி, கால்மணி கழித்து வடிகட்டியை ஓடவிடுக. 40 லிட்டர் நீருக்கு ஒரு நாளில் 10 மில்லி லிட்டருக்கு மேற்படலாகாது. செம்புச் சத்துள்ள மருந்துகள் நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும், அவற்றை வாங்காதீர்கள்.

பாசி தின்னும் என்று சொல்லிக் கடைகளில் விற்கும் 'சக்கர்' மீனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிறிதாயிருக்கையில் பாசி தின்பது மெய். ஆயின் அது ஓர் அடிக்கு மேல் வளரும். பெருத்தபின் பாசியைக் குறைவாகவே தின்று கழிவை மிகுதியாக்கும். தொட்டி கொள்ளாமற்போகவே பலர் இதனை ஏரியிலும் ஆற்றிலும் விட்டுவிடுகின்றனர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இம்மீன் இன்று கல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்களிலும் தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகி, உள்நாட்டு மீன்களுக்கு இடையூறாகி, மீனவர் வலைகளையும் கிழிக்கின்றது.

சிறு தொட்டியில் கண்ட விதியே பெரு நீர்நிலைக்கும் பொருந்தும். இந்நகரத்துக் கழிவு நீரில் ஒரு பகுதி தூய்மை செய்யப்படாமலே மூளா, முத்தா ஆறுகளில் கலந்து, பீமா வழியே உஜனி அணையிற் சென்று தேங்குகிறது. உரம் மிகுந்த அந்நீரில் பச்சைப் பாசி படர்கிறது. சோலாப்பூர் மக்களோ குடிநீருக்கு அவ்வணையையும் நம்பியிருக்கின்றனர். ஆகவே தொட்டியில் வேண்டாத மீனையும் செடியையும் எக்காரணத்தாலும் ஆற்றில் விடாதீர்கள். மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். செடியை நன்றாக உலர்த்திப் பூந்தொட்டிக்கு எருவாக்குங்கள். மாற்றிய நீரை வீட்டுத் துளசிக்கு ஊற்றுங்கள், மருந்து கலவாதிருந்தால் அது நல்ல உரமே.

மேற்சொன்னவற்றை ஒரு திங்கள் இடைவிடாது செய்து வந்தால் பெரும்பாலும் பலன் தெரியும். பாசி ஒரே நாளில் வந்ததன்று; ஒரே நாளில் போவதுமன்று. தொட்டியைப் பரணுக்கு அனுப்புமுன் அந்த ஒரு திங்கள் பொறுத்துப் பாருங்கள்.