ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்

வானிலை அறிக்கையைக் கிண்டல் பண்ணாத தமிழன் கிடையாது. "மழை வரும்னு சொல்லிட்டாங்களா? அப்ப துணியைக் காயப் போடு" டைப் ஜோக்கெல்லாம் எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஓடுது. நான் ஸ்கூல் படிக்கும்போது ரமணன் சார் டிவியில வந்தாலே நாளைக்கு லீவு கிடைக்குமான்னு குடும்பமே உட்கார்ந்து பார்ப்போம். சொன்ன மழை வரலேன்னா அவருக்குத்தான் திட்டு. அவர் 2016-ல ஓய்வு பெற்றுட்டார். திட்டு மட்டும் இன்னும் பணியில இருக்கு.

நானும் அந்தக் கோஷ்டிதான். வாரத்துல அஞ்சு நாள் பொட்டி தட்டுறது, மாசத்துல ஒரு தடவையாவது பைக்கை எடுத்துட்டு எங்கயாவது கிளம்பிடறது, நனைஞ்சு திரும்பி வந்து வானிலைக்காரங்களைத் திட்டறது. இப்படித்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. 2024 செப்டம்பர் கடைசியில நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் அந்தத் திட்டுல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. ஏன்னு சொல்றேன்.

ஏலகிரி. நாலு பேர், மூணு வண்டி. சென்னையிலேர்ந்து ஏறக்குறைய 230 கிலோமீட்டர். விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, வேலூர் தாண்டி ஒரு டீ, வாணியம்பாடியில டிபன், பத்து மணிக்குள்ள மலை மேல. சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கி ஆம்பூர்ல பிரியாணி, ராத்திரி வீடு. பிளான் போட்டது அடியேன். கூட்டத்துல நான்தான் "வெதர் டிபார்ட்மெண்ட்". திங்கள்கிழமையிலேர்ந்து ஒரு நாளைக்குப் பத்து தடவை மொபைல் ஆப்பைத் திறந்து பார்த்துட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி குரூப்ல அறிவிச்சேன்: "சனிக்கிழமை சூரியன் படம் போட்டிருக்கு. நாலு மணிக்கு மழை வாய்ப்பு வெறும் பத்து பர்சென்ட். ரெயின்கோட் எல்லாம் சுமக்க வேணாம்டா, மூட்டை குறையும்."

காலையில வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு மணி வரைக்கும் வெயில் மண்டையைப் பொளந்தது. ரெண்டரைக்கு மேற்குப் பக்கம் காலிஃப்ளவர் மாதிரி வெள்ளையா ஒரு மேகம். மூணரைக்கு அதோட அடிப்பக்கம் கறுத்துடுச்சு. ஆப்புல அப்பவும் சூரியன் சிரிச்சுக்கிட்டிருந்தார். இறங்க ஆரம்பிச்சோம். மூணாவது வளைவுலயே பெரிய பெரிய சொட்டா விழுந்துச்சு, அஞ்சே நிமிஷத்துல முன்னாடி போற வண்டி தெரியல.

ஏலகிரியில 14 கொண்டை ஊசி வளைவு. கடையெழு வள்ளல்கள், புலவர்கள் பேரெல்லாம் வெச்சிருப்பாங்க. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் எங்களுக்கு ஆளுக்கொரு ரெயின்கோட் கொடுத்திருக்கலாம், கொடுக்கல. மழை ஆரம்பிச்ச முதல் பத்து, பதினஞ்சு நிமிஷம்தான் ரோடு ரொம்ப மோசமா வழுக்கும். அதுவரை படிஞ்சிருந்த ஆயிலும் தூசியும் தண்ணியோட சேர்ந்து பசை மாதிரி ஆயிடும். அதுல ஒரு வளைவுல, எனக்குப் பின்னாடி வந்த நண்பன் (பேர் வேணாம், மாப்ளன்னே வெச்சுக்குவோம்) முன் பிரேக்கைப் பிடிச்சான். வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். எதிர்ல அப்ப பஸ் எதுவும் வரல. அது ஒண்ணுதான் அன்னிக்கு எங்களுக்கு நடந்த நல்லது.

காறை எலும்பு முறிஞ்சிருந்துச்சு. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டித் தொங்கப் போட்டுக்கிட்டே ஒத்தைக் கையால கோடு அடிச்சான், அது வேற கதை. ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கும்போது அவங்க அம்மா போன் பண்ணாங்க. திட்டல, அழல. "மழை இல்லேன்னு நீதான் பார்த்துச் சொன்னியாமே தம்பி?"ன்னு கேட்டாங்க. "ஆப்புல அப்படித்தான் போட்டிருந்துச்சும்மா"ன்னேன். சொல்லும்போதே எனக்கே கேவலமா இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆப் தப்பா சொல்லிச்சா, இல்லையா?

வீட்டுக்கு வந்து தூக்கம் வராம, அன்னிக்கு வானிலை ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படிச்சேன். வட உள்மாவட்டங்கள்ல "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்"னு இருந்துச்சு. வருஷம் பூரா நாம கிண்டலடிக்கிற அதே வரி. எங்கயாவது நாலு துளி விழுந்தாலும் "பார்த்தியா, சொன்னோம்ல"ன்னு தப்பிச்சுக்கறதுக்கான வரின்னுதான் அதுவரை நினைச்சிருந்தேன்.

அது அப்படி இல்லைங்க. அந்த வார்த்தைக்குக் கணக்கு இருக்கு. ஒரு பகுதியில இருக்கிற மழைமானி நிலையங்கள்ல கால் பங்கு வரைக்கும் மழை பதிவானா "ஓரிரு இடங்களில்". அதுக்கு மேல பாதி வரைக்கும் "ஒருசில இடங்களில்". முக்கால் வரைக்கும் "அநேக இடங்களில்". அதுக்கும் மேலன்னா "பெரும்பாலான இடங்களில்". அளவும் அப்படித்தான். "கனமழை"ன்னா சும்மா பெரிய மழைன்னு அர்த்தம் இல்ல, 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டர்லேர்ந்து 115.5 வரைக்கும். அதைத் தாண்டி 204.4 வரைக்கும் மிக கனமழை, அதுக்கும் மேல அதிகனமழை. நாம வெறும் சம்பிரதாயப் பேச்சுன்னு நினைச்சது ஒவ்வொண்ணும் ஒரு வரையறை. படிக்கத் தெரியாதது நாமதான்.

இப்ப பைக்காரன் கணக்கைப் பார்ப்போம். சென்னை, காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர்னு அஞ்சு மாவட்டத்தை ஒரே நாள்ல தாண்டுறோம். ஒவ்வொண்ணுலயும் நம்ம தலை மேல மழை விழ 20 சதவீதம்தான் வாய்ப்புன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு இடத்துலயும் தப்பிக்க 80 சதவீதம். அஞ்சு இடத்துலயும் தப்பிக்கணும்னா 0.8-ஐ அஞ்சு தடவை பெருக்கணும். கிட்டத்தட்ட 33 சதவீதம் வருது. அதாவது மூணு ரைடுல ரெண்டு தடவை எங்கயாவது நனைவோம்! (பக்கத்து மாவட்ட மழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொடர்புடையது, இப்படி நேரா பெருக்கக் கூடாதுன்னு புள்ளியியல் படிச்சவங்க அடிக்க வருவாங்க. சரிதான், ஒத்துக்கறேன். போக்கு என்னன்னு காட்டத்தான் இந்தக் கணக்கு.) வீட்டுல உட்கார்ந்திருக்கறவனுக்கு "ஓரிரு இடங்களில்"ங்கிறது சின்ன விஷயம். ஊர் ஊரா போறவன் அந்த ஓரிரு இடத்தைத் தேடிப் போய்த் தலையைக் கொடுக்கறான். ஒரே அறிக்கைதான், ரெண்டு பேருக்கும் அர்த்தம் வேற.

அடுத்தது, அந்த மேகத்தோட குணம். செப்டம்பர் மாசம் நம்ம உள்மாவட்டங்கள்ல பெய்யறது பெரும்பாலும் வெப்பச்சலன மழை. பகல் பூரா தரை சூடாகி, ஈரக்காத்து மேல எழும்பி, மத்தியானம் மேகமாகி, சாயங்காலம் கொட்டும். மலை ஓரமா இருந்தா காத்தை மேல தள்ளி விடறதுக்கு மலையே உதவி பண்ணும். அந்த மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான். ஆயுசும் ஒரு மணி நேரம் முன்னப் பின்ன. இந்தியாவுல 2025 மே மாசம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு முறையே 6 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம்னுதான் நாட்டைப் பார்க்குது. அதுக்கு முன்னாடி 12 கிலோமீட்டர். 6-க்கு 6ன்னா 36 சதுர கிலோமீட்டர். ஏலகிரி மலை மொத்தமுமே ஏறக்குறைய அவ்ளோதான் இருக்கும். 14 வளைவும் அந்த மாடலுக்கு ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள்ள எந்த வளைவுல, நாலு மணிக்கா நாலரைக்கா மழைன்னு மூணு நாள் முன்னாடியே சொல்லணும்னு நாம எதிர்பார்க்கறோம்.

எட்வர்ட் லாரன்ஸ் கதை நம்ம பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1961-ல கம்ப்யூட்டர்ல ஒரு வானிலை மாடலை மறுபடி ஓட விடும்போது .506127ங்கிற எண்ணை .506ன்னு சுருக்கிப் போட்டார். போய் காபி குடிச்சுட்டு வந்து பார்த்தா ரிசல்ட் வேற எங்கயோ போயிருந்துச்சு. புரொடக்‌ஷன்ல ரவுண்டிங் எரரால அடிபட்ட எவனுக்கும் அந்த வலி புரியும். நமக்காவது அதை பக்னு சொல்லி டிக்கெட் போட்டுடலாம். வானத்துக்கு இயல்பே அதுதான்.

அப்ப வானிலை மையம் தப்பே பண்ணாதான்னு கேட்டா, பண்ணும். 2021 டிசம்பர் 30 அன்னிக்குச் சென்னையில பெரிசா எந்த எச்சரிக்கையும் இல்லாம மதியத்துக்கு மேல கொட்டித் தீர்த்துச்சு. ஆபீஸ் விட்டு வந்தவங்க நடுராத்திரி வரைக்கும் ரோட்ல நின்னாங்க. மையமே கணிக்க முடியலைன்னு ஒத்துக்கிச்சு. கருவிகளை மேம்படுத்தச் சொல்லி முதலமைச்சர் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். நேர் எதிரா 2024 அக்டோபர் 16. ரெட் அலர்ட். ஜனங்க வேளச்சேரி பாலத்து மேல கார்களை வரிசையா ஏத்தி நிறுத்திட்டாங்க. எதிர்பார்த்த மழை வரல. மீம்ஸ் மட்டும் கனமழை.

இந்த ரெண்டு தப்பும் எனக்கு ஒண்ணாத் தெரியல. பாலத்துல கார் நிறுத்துனவருக்குக் கொஞ்சம் அலைச்சல், கொஞ்சம் கேலி. எச்சரிக்கை இல்லாம மாட்டினவங்களுக்குப் போனது வேற. 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர், 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் பெய்ததைப் பார்த்த மாநிலத்துல, "வரும்னு சொல்லி வரல"ங்கிற தப்பை ஓரளவு பொறுத்துக்கலாம்ங்கிறது என் கட்சி. தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போறது சின்ன விஷயம் இல்லதான், தெரியும். அதனாலதான் எத்தனை தடவை சொன்னோம், எத்தனை தடவை பலிச்சுதுங்கிற கணக்கை சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி வருஷா வருஷம் முன்னாடி வைக்கணும்னு நினைக்கிறேன்.

என்னோட உண்மையான கோபம் ஆப்புங்க மேலதான். மூணு நாள் கழிச்சு வரப்போற நாலு மணிக்கு ஒரு சூரியன் படம் போடறதுக்கு என்ன தைரியம் வேணும்! மாடலுக்கே தெரியாத துல்லியத்தைப் படம் போட்டுக் காட்டறாங்க. பத்து சதவீதம்னா நூறு தடவை அப்படிச் சொன்னதுல பத்து தடவை மழை பெய்யணும். அன்னிக்கு எங்களுக்கு அந்தப் பத்துல ஒண்ணா இருந்திருக்கலாம், கணக்கே தப்பா இருந்திருக்கலாம். ஒரு நாளை வெச்சு அதைச் சொல்லவே முடியாது. ஆனா அந்தச் சூரியனைப் பார்க்கற எவனுக்கும் பத்துல ஒண்ணு ஞாபகம் வராது. "ஓரிரு இடங்களில்"ங்கிற வரி எனக்குத் தெரியாதுன்னு நேர்மையா சொல்லுது. சூரியன் படம் தெரிஞ்ச மாதிரி நடிக்குது. நாம நடிக்கிறவனைத்தான் நம்பறோம்.

கடைசியா, சொல்லக் கூச்சமா இருக்கிற விஷயம். அன்னிக்கு ஏன் கிளம்பினோம்? கூட்டத்துல ஒருத்தன் அடுத்த வாரம் ஆன்சைட் போறான். அந்தச் சனிக்கிழமையை விட்டா வேற தேதி இல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி நான் மூணு ஆப் பார்த்தேன். ஒண்ணு மேகமும் மின்னலும் போட்டிருந்துச்சு. அதைக் குரூப்ல சொல்லல. சூரியன் போட்டிருந்ததை மட்டும் சொன்னேன். அதாவது போறதுன்னு முடிவு பண்ணியாச்சு, அதுக்குச் சாதகமா சொல்ற ஜோசியரைத் தேடியிருக்கேன். மூணரைக்கு அந்தக் கறுப்பு மேகம் கண்ணெதிர்ல நின்னப்பவும் வானத்தைப் பார்க்காம மொபைலைப் பார்த்தேன். அரை மணி நேரம் மேலயே டீக்கடையில உட்கார்ந்திருந்தா முடிஞ்சிருக்கும். ஆம்பூர் பிரியாணி கண்ணை மறைச்சுடுச்சு.

இப்ப எங்க கூட்டத்துல சில விதி இருக்கு. செப்டம்பர், அக்டோபர்ல மலை ஏறி இறங்கறது மத்தியானத்துக்குள்ள முடியணும், இல்லேன்னா ராத்திரி மேலயே தங்கல். மூணு நாள் முன்னாடி பார்க்கற அறிக்கை மூட்டை கட்டறதுக்கு மட்டும். கிளம்பலாமாங்கிறதைக் காலையில ரேடார் படம் பார்த்தும், மையம் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாவட்ட வாரியா கொடுக்கற உடனடி எச்சரிக்கையைப் பார்த்தும்தான் முடிவு பண்றோம். ரெயின்கோட் எப்பவும் பெட்டியில. எவனாவது ஒருத்தன் "வேணாம்"னா ரைடு கேன்சல், யாரும் அவனைக் கலாய்க்கக் கூடாது. கடைசி விதிதான் கடைப்பிடிக்க ரொம்பக் கஷ்டமா இருக்கு.

மாப்ளைக்கு எலும்பு கூடிடுச்சு, வண்டியும் எடுத்துட்டான். அடுத்த ரைடுக்கு அவங்க வீட்டுக்குக் கூப்பிடப் போனப்ப அம்மா காபி கொடுத்துட்டு, "இன்னிக்கு மழை வருமா தம்பி?"ன்னு கேட்டாங்க.

"ஓரிரு இடங்கள்ல வரலாம்மா. ரெயின்கோட் எடுத்துக்கிட்டோம், வந்தா எங்கயாவது ஒதுங்கி நின்னுடுவோம்"னேன்.

அவங்க சிரிக்கல. ஆனா "சரி, பார்த்துப் போயிட்டு வாங்க"ன்னு சொன்னாங்க.