ஐந்து மூன்றானது, லயத்துக்கு சிக்னல் வந்ததா?



பெரட்டுக் களத்தில் என்னைக் கண்டால் இப்போது ஒரே கேள்விதான்: "டீச்சர், எந்த சிம் போட்டா நல்லது?" மச்சான் சொன்னதற்காக ஒன்று, கடைக்காரர் இலவச டேட்டா காட்டியதற்காக இன்னொன்று என்று ஒரே வீட்டில் மூன்று சிம் வைத்திருக்கிறோம். மூன்றுக்கும் வாசலில் சிக்னல் இல்லை.

2009இல் இந்த நாட்டில் ஐந்து கைத்தொலைபேசி நிறுவனங்கள் இருந்தன. எயார்டெல் அந்த ஆண்டில்தான் வந்தது. போட்டியில் கட்டணம் எவ்வளவு வேகமாக விழுந்தது என்றால், இதற்குக் கீழே போகாதீர்கள் என்று 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவே அடிவிலை போட வேண்டி வந்தது. (கொழுந்துக்கு அடிவிலை கேட்டு நாம் தொண்டை வறண்டதுதான் மிச்சம்!) 2018 முடிவில் எடிசலாட் ஹட்சுக்குள் போனது. 2024 ஜூனில் எயார்டெல் டயலொக்குக்குள் போனது. விற்ற பார்தி எயார்டெலுக்கு டயலொக்கில் பத்து வீதத்துக்குச் சற்று மேலான பங்கு கிடைத்தது. நேற்றுப் போட்டியாளர், இன்று பங்காளி. எஞ்சியிருப்பது மொபிடெல்லோடு மூன்று.

இணைந்தால் கோபுரங்கள் கூடும், சேவை விரியும் என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 075 வைத்திருந்த சிலருக்கு முன்பு எடுக்காத இடத்தில் இப்போது எடுக்கலாம். ஆனால் விலையைக் கீழே இழுக்கும் கைகளில் ஒன்று குறைந்துவிட்டதே, அதற்கு என்ன பதில்? நால்வர் இருந்த 2022 செப்டெம்பரிலேயே ஆணைக்குழுவின் அனுமதியோடு கட்டணம் 20 வீதம் ஏறியது. அப்போது நமது நாட்சம்பளம் 1,000 ரூபாய்.

கொரோனா காலத்தில் நான் வட்ஸ்அப்பில் அனுப்பிய பாடத்தை இறக்க, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டைக்கடியோடு மேல்மலை உச்சிக்கு ஏறினார்கள். மழை வந்தால் பாடம் இல்லை. அது பாடத்தோடு போகட்டும். 2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. இரவில் மழை கொட்டும்போது மண்சரிவு எச்சரிக்கை போனில் வருகிறது என்றால், அந்தப் போன் லயத்துக்குள் ஒலிக்க வேண்டாமா? பிரசவ வலி எடுத்தவளுக்கு 1990ஐ அழைக்க, யாராவது டோர்ச் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓட வேண்டுமா?

ஆகவே சிம் வாங்குமுன் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுப் போனை வாங்கி உங்கள் குசினியில் நின்று, மழை பெய்யும் இரவில் ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள். பெக்கேஜ் எத்தனை நாளில் செத்துப்போகும் என்று கேளுங்கள். சம்பள நாளுக்கு முன்பே முடிகிற மலிவு, மலிவு அல்ல.

அதோடு நின்றால் அவரவர் சிம்மை மாற்றிக்கொண்டே இருப்போம், லயம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு லயத்திலும் எந்த சிம் எடுக்கிறது, எது எடுக்கவில்லை என்று எழுதி, இம்மாதக் கூட்டத்துக்குள் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். மூன்று நிறுவனங்களுக்கும் ஆணைக்குழுவுக்கும் போகும் கடிதத்தில் லய இலக்கத்தோடு சேர்ப்போம். எழுதத் தயங்குகிறவர்கள் பள்ளிக்கூடம் விட்டபின் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.