யாருடைய நீரில் நீச்சல்?

வீட்டு முற்றத்து நீச்சல் தடாகத்துக்கான அனுமதி விதிகளைப் பற்றி ஓர் இலக்கிய ஏடு பேச வேண்டுமா என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சீமான்களின் பொழுதுபோக்குக்கும் நெடுந்தீவின் கடற்றொழிலாளிக்கும் என்ன தொடர்பு என்பர். தொடர்பு நிலத்துக்கு அடியில் இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. இப்படையின் நியதி கொடியது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ நாற்பதடி மேலேறும். நாற்புறமும் கடல் சூழ்ந்த நெடுந்தீவில் இப்படை இன்னும் ஒடுங்கியது. கோடையில் குடிநீருக்காக மக்கள் அலைவதும், மட்டக்குதிரைகள் நீரின்றி வாடுவதும் எவரும் அறியாத செய்தியன்று.

இந்நிலத்தில்தான் தடாகம் புகுகின்றது. குடாநாட்டில் எழும் புதிய மாடங்களிலும் விடுதிகளிலும் அது செல்வத்தின் அடையாளமாகிவிட்டது. தீவுகளை எட்ட நெடுங்காலம் ஆகாது. எட்டு மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழம் கொண்ட சிறு தடாகம் 48,000 லீற்றர் கொள்ளும். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று கொண்டால், நால்வருள்ள குடும்பத்துக்கு 240 நாட்களுக்குப் போதுமான நீர் அது. வெயிலில் நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் ஆவியானால், 160 லீற்றர் வீணே வானுக்குப் போகும். வடிகட்டியைக் கழுவிய குளோரீன் நீரோ சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே அயலவன் கிணற்றைச் சேரும்.

விதிகள் என்ன சொல்கின்றன? எம்மவர் குடியேறிய நாடுகளையே பார்ப்போம். டொரொன்டோ மாநகரம் இரண்டடி ஆழத்துக்கு வேலி கேட்கிறது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, 30 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே வேலி கேட்கிறது. குழந்தைகளின் உயிர் காக்கும் விதி இது, நாமும் ஏற்கவேண்டியது. இங்கிலாந்திலோ, வீட்டைச் சூழ்ந்த நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடங்களும் தடாகமும் பரவாவிட்டால், பொதுவாகத் திட்ட அனுமதியே வேண்டியதில்லை. இவ்விதிகளின் அக்கறை வேலியும் பரப்பும். நீரின் ஊற்று எது என்பது அவற்றின் வினாவன்று. ஒன்ராறியோ ஏரிக்கரையில் வாழ்பவனுக்கு அது போதும்! வறட்சி வந்தபின்தான் உலகம் விழித்துக்கொள்கிறது. 2018இல் கேப் டவுன் நகரம் ஆளுக்கு 50 லீற்றர் என வரையறுத்து, தடாகம் நிரப்புவதைத் தடைசெய்தது. 2023இல் பிரான்சின் தென்கோடியிலுள்ள பிரெனே ஒரியந்தால் மாவட்டமும் அவ்வழியே சென்றது.

எமது நிலைமை யாது? எமது கட்டட அனுமதியின் வேர் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. சுவர், சாளரம், பின்வெளி, வெளிச்சம் என்பவையே குடியேற்ற ஆட்சியாளன் கண்ட கவலைகள். ஆயினும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி இயற்றும் அதிகாரத்தைச் சபைகளுக்கு அளித்துள்ளது. அவ்வதிகாரம் துருப்பிடிக்க விடுவதற்கல்ல.

‘உல்லாசப் பயணத்தால் ஊருக்கு வேலை கிடைக்கும், நீரை விலைக்கு வாங்குவோம்’ என்பர். பவுசரில் வரும் நீர் வானத்திலிருந்து வருவதன்று. வேறொரு கிராமத்தின் கிணற்றிலிருந்து வருவது. இம்மண்ணில் நன்னீர்க் கிணறுகள் சாதியின் பெயரால் மூடப்பட்டிருந்ததை மறந்துவிட்டோமா? அக்கொடுமைகளுக்கு எதிரான சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னரும் மக்கள் போராடியே உரிமை பெற்றனர். அன்று கிணற்றைச் சுற்றிச் சாதி நின்றது. இன்று பணம், கிணற்றைத் தொடாமலே அடியால் உறிஞ்சிவிடும்.

நாம் நீச்சலுக்கு எதிரிகளல்லர். பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் நீந்தக் கற்பதற்குப் பொதுத் தடாகம் ஒன்று, சேமித்த மழைநீரில் அமையுமாயின், அதை வரவேற்போம். எமது கோரிக்கை இதுவே: தனியார் தடாகத்துக்கு நிலத்தடி நீரைப் பயன்படுத்துவதை நெடுந்தீவு பிரதேச சபை உபவிதியால் தடுக்கவேண்டும், விண்ணப்பத்தில் நீரின் ஊற்றும் கழிவுநீரின் போக்கிடமும் குறிக்கப்பட வேண்டும், அயற்கிணற்றுக்காரர் ஆட்சேபம் தெரிவிக்கத் தவணை வேண்டும். தீவின் ஆசிரியர்களும் மாணவர்களும் கிணறுகளின் உவர்ப்பை மாதந்தோறும் அளந்து எழுதிவைத்தால், முதல் விண்ணப்பம் வரும் நாளில் சபையின் கையில் கணக்கு இருக்கும்.